விறகு இல்லை, கல்

கண்ணில் கல் தெறித்தபோது மலையம்மாள் சத்தம் போடவில்லை. சுத்தியலை ஓரமாக வைத்தாள். முந்தானையைப் பந்தாகச் சுருட்டி, வாயில் வைத்து ஊதி, அந்தச் சூட்டை இடது கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜல்லி உடைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. தூசியும் சில்லும் தினம் விழும். ஊதினால் போய்விடும், இல்லையென்றால் கண்ணீரோடு வழிந்து வந்துவிடும். அன்றைக்கு எவ்வளவு கண்ணீர் வழிந்தும் உறுத்தல் போகவில்லை.

மேலூருக்குக் கிழக்கே இருந்த குவாரி அது. மேலே பாறையை அறுத்துப் பெரிய பெரிய கட்டிகளாக லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்புவார்கள். உடைந்ததும் கோணலாய்ப் போனதும் கீழே பெண்களிடம் வரும். அவர்கள் ஓலைத் தட்டி நிழலில் வரிசையாக உட்கார்ந்து அதை ஜல்லியாக்குவார்கள். கல்யாணமாகி வந்ததிலிருந்து மலையம்மாளுக்கு அந்த நிழல்தான். புருஷன் கண்ணுச்சாமி மேலே பாறையில் துளைபோடும் மிஷின் பிடித்தான். குடியிருந்த தகரக் கொட்டகையும் முதலாளி இடத்தில்தான் இருந்தது. வேலையும் வீடும் ஒரே ஆளின் கையில் இருந்ததால், அந்தக் குவாரியில் யாரும் எதற்கும் குரலை உயர்த்திப் பேசுவதில்லை.

மேஸ்திரி கருத்தக்கண்ணன் வந்து பார்த்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. முதலாளிக்குக் கோபம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் தன் வேலை என்று நினைத்திருந்தவர், அவ்வளவுதான். கைப்பிள்ளைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டு இரண்டு சொட்டுத் தாய்ப்பால் விடச் சொன்னார். பால் விட்டதும் எரிச்சல் கொஞ்சம் அடங்கின மாதிரி இருந்தது. மலையம்மாள் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டே சாயங்காலம் வரை கல் உடைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள் அவளுக்குப் பக்கத்தில் உட்காரும் முனியாயி அவள் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கண்ணு பாப்பாவில் வெள்ளையாக என்னவோ இருக்கிறது என்றாள். மலையம்மாள் நல்ல கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிரே இருந்த மலையைப் பார்த்தாள். மலை இல்லை. அது இருந்த இடத்தில் அழுக்கு வேட்டியை நனைத்துத் தொங்கவிட்ட மாதிரி ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. வெயில் தெரிந்தது, உருவம் எதுவும் தெரியவில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். மதுரைக்குக் கூட்டிப் போ, பெரிய கண்ணாஸ்பத்திரியில் இலவசமாகவே பார்ப்பார்கள் என்று கண்ணுச்சாமியிடம் சொன்னார். போகிற இடத்தில் எப்படி அடிபட்டது என்று கேட்டால், வீட்டில் விறகு உடைக்கும்போது சிராய் தெறித்துவிட்டது என்று சொல்லவேண்டும். குவாரி என்ற பேச்சே வரக்கூடாது. வந்தால் ஆபீசர்கள் வருவார்கள், வேலை நிற்கும், அத்தனை பேர் அடுப்பும் அணையும். கண்ணுச்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மலையம்மாள் உள்ளே அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கூட்டம் திருவிழா மாதிரி இருந்தது. ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு, ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு என்று நகர்ந்து கடைசியில் டாக்டர் ராதாமணியின் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். டாக்டர் போனில் வீட்டாரோடு சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். போனை வைத்ததும், பக்கத்து வீட்டுக்காரி மாதிரி, எந்த ஊர், என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் என்று விசாரித்தபடியே மலையம்மாளின் தாடையை ஒரு மிஷினில் வைத்துக் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்.

எப்படி அடிபட்டது என்று கேட்டபோது கண்ணுச்சாமி முந்திக்கொண்டான். வீட்டில் விறகு உடைக்கும்போது சிராய் தெறித்துவிட்டது என்றான். டாக்டர் எழுதப் போனார்.

“வெறகு இல்ல டாக்டரம்மா,” என்றாள் மலையம்மாள். “கல்லு. குவாரியில ஜல்லி ஒடைக்கயில தெறிச்சது.”

கண்ணுச்சாமி அவள் கையைக் கிள்ளினான். அவள் கையை எடுத்துக்கொண்டாள். டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மரச் சிராய் என்றால் கண்ணுக்குள் அழுகிச் சீழ் வைக்கும், அதற்கு வைத்தியம் வேறு, கல் என்றால் பார்க்கிற பார்வையே வேறு, பொய் சொன்னால் கஷ்டப்படப் போவது இவள்தான் என்று கண்ணுச்சாமியிடம் சொன்னார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். கண்ணுச்சாமி தரையைப் பார்த்தான்.

உள்ளே கல் தங்கியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. குத்திவிட்டு வெளியே போயிருக்கிறது. ஆனால் குத்தின குத்து உள்ளே ஒன்றைக் கெடுத்துவிட்டிருந்தது. அது என்ன என்று மலையம்மாள் கேட்டாள். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைக்கறி சாப்பிடுவீர்களா என்று திருப்பிக் கேட்டார். சாப்பிடுவோம் என்றாள்.

“ஆட்டுக் கண்ணுக்குள்ள வெள்ளையா ஒரு முத்து இருக்குமே, கடிச்சா மாவு மாதிரி?”

“ஆமா.”

“ஆடு உசுரோட இருக்கும்போது அது வெள்ளையா இருக்காதும்மா. தண்ணி மாதிரி தெளிவா இருக்கும். வெந்த பிறகுதான் வெள்ளை.”

அதுதான் லென்ஸ் என்றார் டாக்டர். ஆட்டுக்கு இருப்பது மாதிரியே மனுஷருக்கும் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற வெளிச்சத்தைக் கண்ணின் முன்பக்கம் இருக்கிற கண்ணாடித் தோல் முதலில் வளைத்து உள்ளே அனுப்பும். மிச்சத்தை இந்த முத்து வளைத்து, சிதறாமல் ஒன்றுகூட்டி, கண்ணின் பின்சுவரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். அங்கே படம் விழும், அதுவும் தலைகீழாக. மூளை அதை நிமிர்த்திக்கொள்ளும். தூரத்தில் இருக்கும் மலையைப் பார்க்கும்போது முத்து மெலிந்து தட்டையாகும். கையில் இருக்கும் ஊசியைப் பார்க்கும்போது உப்பிக்கொள்ளும். நாள் முழுக்க நம்மைக் கேட்காமலே அது மெலிந்தும் உப்பியும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைச் சுற்றி வெங்காயத் தோலை விட மெல்லிசாக ஒரு பை உண்டு. கல் அந்தப் பையைக் கிழித்துவிட்டது. கண்ணுக்குள் ஊறுகிற தண்ணீர் அதற்குள் போனதும் முத்து வெளுத்துவிட்டது. அடுப்பில் வைக்காமலே வெந்துபோன மாதிரி.

வெளுத்ததை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக்கில் ஒரு லென்ஸ் வைத்தார்கள். கட்டுப் பிரித்த காலையில் நர்ஸ் அவளை ஜன்னலுக்கு முன்னால் உட்கார வைத்து நல்ல கண்ணை மூடினாள். எதிர் மாடியில் காயப்போட்டிருந்த சட்டையின் பித்தான்கள் தெரிந்தன. தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்த காகம் கழுத்தைத் திருப்பியது தெரிந்தது. மலையம்மாளுக்கு அழுகை வந்தது, ஆனால் அழக்கூடாது என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். சந்தோஷத்தில் தன் உள்ளங்கையைத் தூக்கிப் பார்த்தாள். ரேகை ஒன்றுகூடத் தெரியவில்லை. கை கஞ்சியில் முக்கின மாதிரி கலங்கலாக இருந்தது.

டாக்டர் வந்ததும் அதைக் கேட்டாள். இந்த லென்ஸ் மெலியாது, உப்பாது என்றார் டாக்டர். வைத்தது வைத்தபடியே இருக்கும். தூரத்துக்குச் சரியாக வைத்திருக்கிறோம், கிட்டத்தில் பார்க்கக் கண்ணாடி போட்டுக்கொள்ளவேண்டும்.

“நெளியிற மாதிரி வேற கெடைக்காதா டாக்டரம்மா?”

“பழசு மாதிரி வேலை செய்யறதை இன்னும் யாராலயும் செய்ய முடியலம்மா.”

“அப்ப எனக்கு இருந்தது போனது போனதுதானா?”

டாக்டர் ஆமாம் என்றார். அந்தக் கல் கண்ணில் படாமல் என்ன செய்திருக்கலாம் என்று மலையம்மாள் கேட்டாள். வெல்டிங் பட்டறையில் போடுவார்களே, அந்த மாதிரி ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி போட்டிருந்தால் சில்லு அதில் பட்டுக் கீழே விழுந்திருக்கும் என்றார் டாக்டர்.

“அம்புட்டுத்தானா?”

“அம்புட்டுத்தான்.”

மேலூர் பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணுச்சாமி ஏதேதோ பேசிக்கொண்டு வந்தான். அவள் காதில் எதுவும் விழவில்லை. பட்டறைக்காரன் போடுகிற ஒரு பிளாஸ்டிக் கண்ணாடி. அம்புட்டுத்தான். அது பெரிய மிஷினாகவோ வெளிநாட்டுச் சாமானாகவோ இருந்திருந்தால் அவளுக்கு இத்தனை ஆத்திரம் வந்திருக்காது.

வந்த மறுநாளே மேஸ்திரியிடம் போய், கல் உடைக்கிற எல்லாருக்கும் அந்தக் கண்ணாடி வாங்கித் தரவேண்டும் என்று கேட்டாள். மேஸ்திரி சிரித்தார். கண் வந்துவிட்டதல்லவா, வீட்டில் இருந்து உடம்பைப் பார் என்றார். அவள் தினமும் போய்க் கேட்டாள். ஒருநாள் அவர் சிரிக்கவில்லை. முதலாளி காதுக்கு விஷயம் போய்விட்டது, அந்தப் பெண்ணுக்குப் பிறவியிலேயே கண்ணில் கோளாறு, நம் குவாரியில் யாருக்கும் அடிபடவில்லை என்று அவர் சொல்லிவிட்டார், இனிமேல் இந்தப் பேச்சு வந்தால் கொட்டகையைக் காலி செய்யவேண்டியிருக்கும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் பெரிய சண்டை. கண்ணுச்சாமி கோபக்காரன் இல்லை, பயந்தவன். பயத்தில்தான் கத்தினான். கண்தான் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும் உனக்கு என்று கேட்டான்.

“வந்தது என் கண்ணு இல்ல மாமா,” என்றாள் அவள். “என்னுது போயிருச்சு. அதப் பிறவிக் கோளாறுங்கிறான் அந்தாளு. நீயும் வெறகுங்கிற.”

அவன் சாப்பிடாமல் எழுந்து வெளியே போனான்.

கூட வேலை செய்கிற பெண்களும் அவள் பேச்சைக் காதில் வாங்கவில்லை. அவர்களுக்கு அவள்மேல் பாசம் இல்லாமல் இல்லை. முனியாயியின் அப்பன் கல் உடைத்தே இரண்டு கண்ணும் போய்க் கடைசிவரை மூலையில் உட்கார்ந்திருந்தவர். அவளுக்குத் தெரிந்த வரையில் கல் உடைக்கிறவர்களுக்குக் கண் போகும், மூட்டு போகும், நெஞ்சில் தூசி கட்டும். மழை பெய்தால் நனைவது மாதிரி அது. அதற்குப் போய் முதலாளியிடம் யார் என்ன கேட்பது?

இவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது, காட்டத்தான் வேண்டும் என்று மலையம்மாளுக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலூர்ச் சந்தைக்குப் போய்க் கறிக்கடையில் ஆட்டுத்தலை ஒன்று கேட்டாள். கடைக்காரர் வழக்கம்போல நெருப்பில் வாட்டப் போனார். வாட்டாமல் பச்சையாகவே வேண்டும் என்றாள். முடியோடு வாங்கிப் போய் என்ன செய்யப் போகிறாய் என்றார் அவர். கண்ணைப் பார்க்கப் போகிறேன் என்றாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

குவாரிக்காரர்கள் துணி துவைக்கிற தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள். மலையம்மாள் முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் ஆட்டுத்தலையை வைத்தாள். தலைக்கறி போடப் போகிறாள் என்று நினைத்துக் கிட்டே வந்தார்கள். அவள் பிளேடால் ஆட்டின் கண்ணைத் தோண்டி எடுத்து மெதுவாகக் கீறினாள். கிட்டத்து வேலைக்கு அந்த இடது கண் உதவாது. அதை மூடிக்கொண்டு வலது கண்ணால் பார்த்தே கீறினாள். ஒரு அழுத்தலில் முத்து வழுக்கிக்கொண்டு அவள் உள்ளங்கைக்கு வந்தது. வெந்த ஜவ்வரிசியைப் பெரிதாக்கின மாதிரி, உள்ளே ஒரு மாசு இல்லாமல் இருந்தது.

அதைக் கழுவிப் பழைய பேப்பர்மேல் வைத்தாள். அடியில் இருந்த எழுத்து உப்பிக்கொண்டு தெரிந்தது. படிக்கத் தெரியாதவர்களும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். பிறகு விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து, கையை நீட்டி, முனியாயியைப் பார்க்கச் சொன்னாள். முனியாயி ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஆத்தி, மலை கவுந்து கெடக்கு,” என்றாள்.

ஒவ்வொருத்தியாக வந்து பார்த்தார்கள். பொட்டு அளவு மலை, பொட்டு அளவு வானத்தின்மேல் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கிளைகளைக் கீழே போட்டுக்கொண்டு வேப்பமரம் நின்றது. மலையம்மாள் டாக்டர் சொன்னதையெல்லாம் தனக்கு வந்த வார்த்தையில் சொன்னாள். கிட்டத்துக்கு உப்பும், தூரத்துக்கு மெலியும், படம் உள்ளே கவிழ்ந்து விழும், மண்டை அதை நிமிர்த்தும். நீ காலையில் எழுந்திருப்பதிலிருந்து படுக்கிறவரை இதுதான் உனக்கு எல்லாவற்றையும் காட்டுகிறது என்றாள். பிறகு பக்கத்து அடுப்பில் உலைக்கு வைத்திருந்த பானையில் அதைப் போட்டாள். கரண்டியால் எடுத்தபோது அது சுண்ணாம்பு உருண்டை மாதிரி வெளுத்திருந்தது. அதைத் திரும்பவும் எழுத்தின்மேல் வைத்தாள். அடியில் ஒன்றும் தெரியவில்லை.

“கல்லுப் பட்டா இப்பிடித்தான் ஆகும். பெறகு என்ன செஞ்சாலும் பழசு ஆகாது. எனக்கு வச்சுருக்கிறது பிளாஸ்டிக்கு. உங்க அப்பனுக்கு அதுகூட இல்லக்கா.”

முனியாயி வெளுத்த உருண்டையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்பனை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, கண் கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலையில் பெண்கள் வழக்கம்போல வந்தார்கள். ஓலை நிழலில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சுத்தியல்களைத் தரையில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். வேலையில்லாதபோதும் மலையம்மாள் தன் பழைய இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். கல் சத்தம் கேட்காததால்தான் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். முதலில் கேலி பேசினார், அப்புறம் கெஞ்சினார், அப்புறம் திட்டினார். கண்ணாடி வரட்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு பதில் கிடைக்கவில்லை. மேலே மிஷின் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. அது கண்ணுச்சாமியின் மிஷின் என்று மலையம்மாளுக்குத் தெரியும்.

உச்சிப்பொழுதில் முதலாளி ஜீப்பில் வந்தார். யாரையும் திட்டவில்லை. மேலே ஆள் அனுப்பிக் கண்ணுச்சாமியை வரவழைத்தார். மிஷின் நின்றது. முடியெல்லாம் தூசியோடு அவன் இறங்கி வந்தான்.

“ஏப்பா, ஒம் பொண்டாட்டிக்கு எப்பிடி அடிபட்டுச்சுன்னு ஆஸ்பத்திரியில சொன்ன? எல்லாரும் கேக்கச் சொல்லு.”

கண்ணுச்சாமி துண்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். மலையம்மாள் அவனையே பார்த்தாள். அத்தனை தூரத்திலும் அவன் புருவத்தில் இருந்த தூசியும், கழுத்தில் துடிக்கிற நரம்பும் புதுக் கண்ணில் துல்லியமாகத் தெரிந்தன. அவன் பொய் சொன்னால் இங்கேயே எழுந்து போய்விடுவது, அவனோடு வீட்டுக்குப் போவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள்.

“வெறகுன்னு சொன்னேன் மொதலாளி,” என்றான். பிறகு, “அப்பிடிச் சொல்லச் சொன்னாக. அடிபட்டது கல்லு. இங்கதான், அந்தா அந்த எடத்துல,” என்று கையை நீட்டிக் காட்டினான்.

முதலாளி மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி செருப்பைப் பார்த்தார். நாளைக்குள் கொட்டகையைக் காலி செய்யவேண்டும் என்று முதலாளி சொன்னார். மலையம்மாள் எழுந்து நின்றாள்.

“செய்யிறோம். இப்பவே கூடச் செய்யிறோம். ஆனா கண்ணாடி வராம இங்க சுத்தியல் சத்தம் கேக்காது.”

அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்குப் பயம் வந்தது. தன் வாயால் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள், யாராவது ஒருத்தி குனிந்து சுத்தியலை எடுத்துவிட்டால் போதும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் இரும்பு உருளுகிற சத்தம் கேட்டது. முனியாயி தன் சுத்தியலைக் காலால் எட்டித் தள்ளியிருந்தாள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற சாமான் அது. தவறிக் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவள் அவள். அவள் தள்ளினதைப் பார்த்து மற்றவர்களும் தள்ளினார்கள்.

ஜீப் போய்விட்டது. அன்று சாயங்காலமே புருஷனும் பெண்டாட்டியும் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி, முனியாயி ஊருக்குள் பிடித்துக் கொடுத்த ஒரு ஒற்றை அறைக்குக் குடிபோனார்கள். தெருமுனையில் கண்ணுச்சாமி நின்று சாக்கைத் தோள் மாற்றிக்கொண்டு, “கிள்ளுனது வலிச்சுச்சா?” என்று மட்டும் கேட்டான். வலித்தது என்றாள்.

ஒரு வாரத்துக்கும் மேலாகச் சுத்தியல்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. ரோடு போடும் காண்ட்ராக்டரின் லாரிகள் காலியாக வந்து காலியாகத் திரும்பின. வேறு ஊரிலிருந்து ஆள் கூட்டிவரப் பார்த்தார்கள். வந்த பெண்களிடம் முனியாயி போய்ப் பேசினாள், அவர்களும் திரும்பிவிட்டார்கள். சில வீடுகளில் வெறும் கஞ்சிதான். இரண்டு பேர் மலையம்மாளை வாய்விட்டே ஏசினார்கள். கடைசியில் ஒரு காலையில் மேஸ்திரி அட்டைப்பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்து ஓலை நிழலில் இறக்கினார். யார் முகத்தையும் பார்க்காமல் ஆளுக்கொரு கண்ணாடியைக் கொடுத்தார். ஒன்று மிச்சம் இருந்தது. அதை அவர் தானே போட்டுக்கொண்டு மேலே போனார்.

மலையம்மாளுக்கு அங்கே திரும்ப வேலை கிடைக்கவில்லை. கண்ணுச்சாமி வேறொரு குவாரியில் மிஷின் பிடிக்கப் போனான். அங்கே பெண்கள் நிறையப் பேர் ஜல்லி உடைக்கிறார்கள், ஒருத்தி கண்ணிலும் எதுவும் இல்லை என்று அவன்தான் வந்து சொன்னான்.

மறுநாள் அவள் கிளம்பிப் போனாள். வாசலில் வாட்ச்மேன் மறித்து யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். பொம்பளைகளைப் பார்க்கவேண்டும் என்றாள். உள்ளே விடமுடியாது என்றான். சரி என்று சொல்லிவிட்டு, கண்மாய்க் கரையோடு சுற்றிக்கொண்டு, அவர்கள் கஞ்சி குடிக்க உட்காருகிற புளியமரத்தடிக்கு நடந்தாள். தூரத்திலேயே எல்லார் முகமும் தெளிவாகத் தெரிந்தது. ஒருத்தி முந்தானையைப் பந்தாகச் சுருட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தாள். மலையம்மாள் நேரே அவளிடம் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.